மஞ்சளுக்கு மஞ்சள்

தாணுமூர்த்தி இருபத்தேழு ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் மோட்டார்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, தென்காசியில் மின்சார சைக்கிள் பட்டறை வைத்திருந்த இசக்கியம்மாளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. அவரைத் தாணுமூர்த்தி மேஸ்திரியம்மா என்று அழைத்தார். அவரோ தன் மாணவரை சார் என்றார். இரண்டையும் யாராலும் மாற்ற முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, தபித்தாள் டீச்சரின் மூன்று சக்கர வண்டி பட்டறைக்கு வந்தது. டீச்சரின் கால்கள் சிறு வயதிலேயே செயலிழந்தவை. அந்த வண்டிதான் அவருக்கு நடை. பத்து நாள் முன்பு மழையில் அதன் கண்ட்ரோலர் எரிந்துபோயிருந்தது. மோட்டாருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தருவது என்று தீர்மானிக்கிற சிறு பெட்டி அது. பழைய கம்பெனியின் பெட்டி கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனியின் பெட்டிதான் வந்திருந்தது.

"பள்ளிக்கூட மேட்டுல ஏழு விளக்குக் கம்பம்," என்றார் டீச்சர். "நல்லா இருந்தப்பவே மூணாவது கம்பத்துல வண்டி திணறும். நாலாவதுல நான் திணறுவேன். இந்தப் பத்து நாளா வாட்ச்மேன் பின்னாலிருந்து தள்ளிவிடுறார். நல்ல மனுஷன்தான். ஆனா ஒருத்தர் தள்ளினாத்தான் என் வகுப்புக்கு நான் போக முடியும்னா, எனக்கு அந்த வகுப்பு வேண்டாம். திங்கட்கிழமையும் தள்ளுற மாதிரி இருந்தா, வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன்."

சொல்லிவிட்டுத் தங்கையுடன் ஆட்டோவில் ஏறிப் போனார்.

"சார், நீங்களே பாருங்க," என்றார் இசக்கியம்மாள்.

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகள் வந்தன. மின்சாரம் அவற்றின் வழியே போகும். கூடவே சில மெல்லிய கம்பிகள். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று அவை கண்ட்ரோலருக்குச் சொல்லும். தாணுமூர்த்தி நிறம் பார்த்து இணைத்தார். கால்மணி நேரத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைத்திருந்த சக்கரம் சுழன்றது.

"பொருந்திடுச்சு மேஸ்திரியம்மா."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். சுத்துது பாருங்க."

"சுத்தட்டும்," என்றார் இசக்கியம்மாள். வேறொரு சைக்கிளின் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்துத் தலை நிமிராமலே சொன்னார்:

"நிறுத்திட்டு மோட்டார் மேல கை வைங்க."

தாணுமூர்த்தி வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டார்.

"சக்கரம் யாரைச் சுமந்துச்சு சார்?"

"யாரையும் இல்ல. அந்தரத்துல நிக்குது."

"அப்புறம் ஏன் இவ்வளவு சூடு?"

அப்போதுதான் அவர் மீட்டரை நினைத்தார். மாட்டி, மறுபடி ஓட்டினார். நாலரை ஆம்பியர். சுமையில்லாத சக்கரத்துக்கு ஒன்றுகூட அதிகம். அந்தக் கணக்கை எத்தனையோ வினாத்தாள்களில் அவரே கேட்டிருக்கிறார். சக்கரம் சுழன்றுவிட்டதால் மீட்டரைப் பார்க்கத் தோன்றவில்லை.

"நிறம் சரியாத்தானே இருக்கு?"

"மோட்டாருக்கு நிறம் கொடுத்தவர் ஒருத்தர். பெட்டிக்குக் கொடுத்தவர் இன்னொருத்தர். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்ததே இல்ல சார்."

தாணுமூர்த்தி ஒரு தாளை எடுத்தார். தடித்த கம்பிகளை ஆறு விதமாகச் சேர்க்கலாம். மெல்லியவற்றில் சேதி சொல்லும் மூன்றையும் ஆறு விதமாகச் சேர்க்கலாம். ஆறாறு முப்பத்தாறு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினார். சிலவற்றில் சக்கரம் அசையவில்லை. சிலவற்றில் உறுமியது. ஒன்றில் பின்னோக்கி ஓடியது. பதினோராவதில் மோட்டார் சுருளின் வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது.

இசக்கியம்மாள் எழுந்து வந்து பேட்டரியைத் துண்டித்தார்.

"மோட்டாரும் எரிஞ்சா டீச்சருக்குத் திங்கட்கிழமை கிடையாது."

தாணுமூர்த்தி தாளைக் கீழே வைத்தார்.

"இதுவரைக்கும் பெட்டி சொல்றதை மோட்டார் மேல ஏத்தினீங்க," என்றார் இசக்கியம்மாள். "மோட்டாரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கண்ட்ரோலரைக் கழற்றித் தள்ளி வைத்தார். மூன்று சிறு விளக்குகள் உள்ள டெஸ்டரை மெல்லிய கம்பிகளில் மாட்டினார்.

"கையால சுத்துங்க. மெதுவா."

தாணுமூர்த்தி சக்கரத்தை விரல் அகலம் திருப்பினார். ஒரு விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இன்னொன்று எரிந்தது. அவர் எதிர்பார்த்த வரிசையில் அல்ல. எழுதிக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

எட்டு முறை திருப்பினார். எட்டு முறையும் மோட்டார் ஒன்றையே சொன்னது. பிறகு தடித்த கம்பிகளின் வரிசையை மீட்டரில் பார்த்து எழுதினார். பெட்டியின் வரிசையையும் தனியே பார்த்து எழுதினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மணி நாலு.

இணைத்தார். மஞ்சள் பச்சையோடும் பச்சை நீலத்தோடும் போய், பார்க்கவே ஒவ்வாமல் இருந்தது. சக்கரம் சுழன்றது. சத்தமே கேட்கவில்லை. மீட்டர் முக்கால் ஆம்பியரில் நின்றது. பத்து நிமிடம் ஓடவிட்டுக் கை வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது.

"இப்பப் பொருந்திடுச்சு, இல்லையா?"

"டீச்சர் வரட்டும்," என்றார் இசக்கியம்மாள்.

ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். மூவருமாகப் பள்ளிக்கூட மேட்டுக்குப் போனார்கள். டீச்சர் வண்டியில், மற்ற இருவரும் நடையில்.

முதல் கம்பத்தில் டீச்சர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். கண் மேட்டை விட்டு அகலவில்லை. இரண்டாவதைத் தாண்டியதும் இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

"என் தங்கச்சி மகளுக்குப் புதுசா வந்திருக்கிற மாப்பிள்ளை, சாம்பாருக்குச் சர்க்கரை கேட்கிறாராம். நல்ல இடம்னு சொல்லித்தான் கொடுத்தோம். இதை யாரும் விசாரிக்கலையே."

"தனியாக் கேட்டாரா, சாம்பார்லயே போடச் சொன்னாரா?" என்றார் இசக்கியம்மாள்.

"அதுலயே போட்டுக் கலக்கி, 'அத்தை, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்க'ன்னாராம்."

பள்ளியின் கதவுவரை அந்தப் பேச்சுதான். டீச்சர் உள்ளே போய்த் தன் வகுப்பறை வரை ஓட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தாணுமூர்த்தி கதவருகே நின்றார்.

"மேஸ்திரியம்மா, இப்பவாவது சொல்லுங்க. பொருந்திடுச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

"மூணாவது கம்பத்துல டீச்சர் என்ன சொன்னாங்க சார்?"

அவர் யோசித்தார். "மாப்பிள்ளை சர்க்கரை கேட்டதை."

"நாலாவதுல?"

"அதையேதான்."

"வண்டியைப் பத்தி?"

தாணுமூர்த்தி திரும்பி, ஏறி வந்த மேட்டைப் பார்த்தார்.