ஸ்பேருக்கு ஒரு வண்டி

வேலாங்காட்டூரில் யாரும் யாரையும் முட்டாள் என்று சொன்னதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வேறு வகை ஆள் கிடையாது.

அந்த ஊரில் விசைத்தறி வைத்திருந்த மூன்று பேருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அங்கமுத்துவுக்கு நாற்பத்தைந்து வயது. சென்னியப்பனுக்கு நாற்பது, காளியண்ணனுக்கு முப்பத்தெட்டு. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் கார் இருக்கிறதா என்று கேட்டார்கள். "எதாச்சும் ஒரு காரை வாங்கி வாசல்ல நிறுத்துங்க" என்றார் தரகர். ஆளுக்கு இரண்டு தறியை விற்று, மூவரும் கூட்டாக ஒரு கார் வாங்கினார்கள்.

குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் இருபத்தாறு வருஷம் வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. அதில் இரண்டு சீட்டுதான். மூன்றாவது ஆள் மொபெட்டில் பின்னால் வருவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்தபோது எஸ்டேட்காரருக்குக் கண் கலங்கியது. வருத்தமாயிருக்கும் என்று நினைத்து இவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர் மனைவி உள்ளே போய்ப் பாயசம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

கோயம்புத்தூர் மெக்கானிக் ஃபெலிக்ஸ் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"வயசான இன்ஜினுங்க. ஆயில் குடிக்கும். தினமும் காலைல ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்துருங்க."

மறுநாள் காலை சென்னியப்பன் வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி, மொத்த ஆயிலையும் வாளியில் பிடித்தான். லிட்டர் படியால் அளந்தான். புனல் வைத்துத் திரும்ப ஊற்றினான். வாளியில் கொஞ்சம் ஒட்டியது, படியில் கொஞ்சம், முழங்கையில் கொஞ்சம். ஒரு வாரத்தில் ஒண்ணேகால் லிட்டர் குறைந்திருந்தது.

"ஓடவே இல்லீங்ண்ணா. நின்ன எடத்துலயே குடிச்சிருக்குது."

"வேலை இல்லாம நின்னா குடிக்கத்தான் செய்யும்" என்றார் அங்கமுத்து. "இனிமே சாயங்காலமும் ஒருக்கா அள. கண்காணிப்பு இருக்கோணும்."

கண்காணிப்புக்குப் பிறகு அது இரண்டு மடங்கு குடித்தது.

அடுத்த மாதம் கிளட்ச் போயிற்று. சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலை ஒரு தறியின் விலை. அதற்கு அடுத்த மாதம் ரேடியேட்டர். ஃபெலிக்ஸுக்கே பாவமாகிவிட்டது.

"பேசாம இதே மாடல்ல பழைய வண்டி ஒண்ணு கெடச்சா வாங்கிப் போட்டுருங்க. இதுல எது போனாலும் அதுல இருந்து கழட்டி மாட்டிக்கலாம்."

ஆளுக்கு இன்னும் இரண்டு தறி போயிற்று. சேலத்திலிருந்து நீல வண்டி வந்தது. அதில் பிரேக் இல்லை, பேட்டரி இல்லை, டிரைவர் பக்கத்துக் கதவும் இல்லை. அங்கமுத்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, இதுல பிரேக்கே இல்லையே. நாளைக்குச் சிவப்புல பிரேக் போச்சுன்னா எதைக் கழட்டறது?"



"ஸ்பேருன்னா முழுசா இருந்தாத்தானுங்ண்ணா ஸ்பேரு" என்றான் காளியண்ணன்.

அன்றே சிவப்பு வண்டியின் பிரேக்கையும் பேட்டரியையும் கதவையும் கழற்றி நீல வண்டியில் மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்தால் நீல வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. திருப்தியாகத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள்.

அப்போதுதான் தரகர் வந்தார். பெருந்துறையில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கும் பெண், பேர் பூங்கோதை, வயது முப்பத்திநாலு. காளியண்ணனுக்கு இது பத்தொன்பதாவது ஜாதகம். "இதுவும் தட்டிப்போச்சுன்னா எங்கிட்ட வேற ஜாதகம் இல்லீங்க" என்றார் தரகர். "வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள வந்துருங்க. கார்ல வாங்க."

காளியண்ணன் மூன்று ராத்திரி தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டு வேட்டி கட்டி வந்து, "நீலத்தை எடுத்துக்கலாமுங்ண்ணா, அதுதான் ஓடுது" என்றான்.

அங்கமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது ஸ்பேருடா. அதை ஓட்டிட்டுப் போய் வழியில நின்னுபோச்சுன்னா, ஸ்பேருக்கு ஸ்பேர் எங்க இருக்குது?"

"அப்ப அதை வீட்லயே வுட்டுட்டுப் போலாமுங்களா?"

"ஸ்பேரை வீட்ல வெச்சுட்டு ஊருக்குப் போறவன் உண்டா? அதுவும் கூட வரோணும். ஆனா ஓடக்கூடாது."

எனவே ஒரு லாரி பிடித்து நீல வண்டியை அதன் மேல் ஏற்றினார்கள். சிவப்பு வண்டியைக் கயிறு போட்டு லாரிக்குப் பின்னால் கட்டினார்கள். அங்கமுத்து லாரியில் ஏறிக்கொண்டார். காளியண்ணன் சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்தான். கதவு இல்லாதது வசதியாயிருந்தது. வேகம் கூடும்போது காலை வெளியே நீட்டித் தரையில் தேய்த்துக்கொள்ளலாம். இறக்கம் வந்த இடத்திலெல்லாம் வண்டி லாரியில் போய் முட்டியது. பெருந்துறை வருவதற்குள் ஒரு செருப்பு தேய்ந்து தீர்ந்திருந்தது. சென்னியப்பன் மொபெட்டில் ஆயில் வாளியோடு பின்னால் வந்தான்.

பூங்கோதை வாசலுக்கே வந்து நின்று பார்த்தாள்.

"இதுல ஓடற வண்டி எதுங்க?"

"லாரி மேல இருக்கறதுங்க" என்றான் காளியண்ணன்.

"அப்புறம் ஏன் அதை ஏத்தி வெச்சிருக்கறீங்க?"

"ஓட்டுனா தேஞ்சு போயிருமுங்க."

அவளுடைய அப்பா உள்ளே போய்விட்டார். தரகர் செருப்பைத் தேடினார். பூங்கோதை மட்டும் நின்றாள்.

"பதினோரு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. அத்தனை பேரும் வாடகைக் கார்ல வந்து சொந்தக் காருன்னு சொன்னவங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெரியுது. எனக்குச் சம்மதமுங்க. ஆனா இந்த ரெண்டையும் வித்துருங்க. வித்த மறுநாள் நிச்சயம் வெச்சுக்கலாம்."

காளியண்ணன் திரும்பும்போது இறக்கத்தில் காலை நீட்டக்கூட மறந்துவிட்டான்.

ஒரு மாதம் வண்டி வாங்க யாரும் வரவில்லை. பிறகு திருப்பூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "நீலம் நல்லா இருக்குதுங்க. ஆனா ரிப்பேர் ஆச்சுன்னா சாமானுக்கு எங்க போறது? சிவப்புல ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் தறிக்கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

"நாயமாத்தான் கேக்கறாரு" என்றார் அங்கமுத்து. "முழு ஸ்பேரோட குடுத்தா வாங்கிக்குவாரு. இல்லாதது நம்ம தப்பு."

"மதுரையில ஒண்ணு பச்சைக் கலர்ல நிக்குதாமுங்ண்ணா" என்றான் சென்னியப்பன்.

இரண்டு பேரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். கல்யாணம் அவனுடையது.

பச்சை வண்டி வந்த அன்று கொட்டகையில் ஒரு தறியும் இல்லை. மூன்று வண்டியும் தாராளமாக நின்றன. பூங்கோதை போன் செய்தாள்.

"வித்தாச்சுங்களா?"

"ஆரம்பிச்சாச்சுங்க" என்றான் காளியண்ணன். "முதல்ல ஒண்ணு வாங்கியிருக்கறோம்."