நாவல் மரத்துக்கு வந்த சட்டம்

ஒரு காட்டில்... காடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே! புறநகர்ப் பேருந்து திரும்பும் இடத்துக்குப் பின்னால், ஏரிக்கும் வீட்டுமனைகளுக்கும் நடுவே மிஞ்சிக் கிடந்த காடு அது. அங்கே ஒரு நாவல் மரப் பொந்தில், கண் திறக்காத தன் குட்டிகளோடு வாலாயி என்னும் அணில் வாழ்ந்து வந்தது.

அந்த மரத்தின் மேல் காட்டுப்பன்றிக்கு ஒரு கண். அதைச் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் சேற்றுக்குழி பறித்துப் புரள வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் கிட்டே நெருங்க முடியுமா? மரத்தில் இருந்தவர்கள் முறை வைத்துக் காவல் காத்தார்கள். பன்றியின் தலை தெரிந்ததும் வாலாயி கீச்சிடும். மைனாக்கள் கத்தும். குரங்குகள் கையில் கிடைத்ததை எடுத்து வீசும். பன்றி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும்.

ஒருநாள் சிங்க ராஜா சட்டம் போட்டார். "இன்று முதல் எவரும் மரத்தை வெட்டக் கூடாது, ஒடிக்கக் கூடாது, பட்டையை உரிக்கக் கூடாது. மீறினால் காட்டை விட்டே துரத்துவேன்!"

வாலாயிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "இனி நமக்கு எதற்குக் காவல்? ராஜா பார்த்துக்கொள்வார். எல்லாரும் போய் நிம்மதியாக இருங்கள்!" என்றது. குரங்குகள் ஏரிக்கரைக்குப் போய்விட்டன. மைனாக்கள் வேறு மரம் பார்த்துக்கொண்டன.

மறுநாளே பன்றி வந்தது. பட்டப்பகலில், ஆடி அசைந்து வந்தது! மரத்தடியில் மூக்கை நுழைத்து மண்ணைக் கிளறியது.

"அடேய்! சட்டம் தெரியாதா உனக்கு?" என்று சீறியது வாலாயி.

"தெரியுமே, தாயி! மரத்தை நான் தொட்டேனா? கிழங்கு தோண்டுகிறேன். தோண்டாதே என்று ராஜா சொன்னாரா, என்ன?"

நாளுக்கு நாள் குழி அகலமானது. வேர்கள் படார் படாரென்று அறுந்தன. வாலாயி அலறியடித்துக்கொண்டு காவல் அதிகாரியான கரடியிடம் ஓடியது.

கரடி தேன்கூட்டை நக்கிக்கொண்டே கேட்டது: "மரம் நிற்கிறதா?"

"நிற்கிறது, ஐயா. ஆனால் வேரெல்லாம்..."

"நிற்கிற மரத்துக்கு என்னம்மா புகார்? சட்டத்தில் வேரைப் பற்றி ஒன்றுமே இல்லை. விழுந்தால் வா, பார்க்கலாம்."

வாலாயி ஏரிக்கரைக்கு ஓடிக் குரங்குகளைக் கெஞ்சியது. "அதுதான் சட்டம் இருக்கிறதே, அக்கா! நாங்கள் எதற்கு?" என்று அவை மல்லாந்து படுத்துக்கொண்டன.

சரி, குட்டிகளையாவது காப்பாற்றுவோம் என்று வாலாயி வேறு பொந்து தேடிப் போனது. பாவம், அந்த நேரம் பார்த்துத்தானா காற்றும் மழையும் வர வேண்டும்! திரும்பி வந்தபோது மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது.

கரடி வந்து சுற்றிப் பார்த்தது. "காற்று சாய்த்திருக்கிறது. காற்றை எங்கே போய்த் துரத்துவது?" என்றது. பன்றி குழியில் இறங்கிச் சுகமாகப் புரண்டது.

"ஐயா, என் பிள்ளைகள் உள்ளே இருந்தார்களே!"

"சட்டம் மரத்துக்குத்தான், அம்மா. பிள்ளைகளுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுக் கரடி நடையைக் கட்டியது.

வாலாயி ஒடிந்த கிளைகளுக்குள் நுழைந்து நுழைந்து தேடியது. ஒரு கீச்சுக் குரல்கூட இல்லை. அந்த வேளையில் சிங்க ராஜா குகை வாசலில் நின்று பெருமையாக அறிவித்துக்கொண்டிருந்தார்: "என் ஆட்சியில் இதுவரை ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை!"

நீதி: சட்டம் வந்துவிட்டதென்று காவலைக் கைவிட்டால், சட்டம் மிஞ்சும், மரம் மிஞ்சாது.