சூசை மீறிய சத்தியம்

நடந்ததை நான் சொல்கிறேன். நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவன் இன்னாசி. சில மாதங்கள் உறக்கமே இல்லாமல் மூன்று ஆள் வேலையை ஒருவனாகச் செய்வான். பிறகு சில மாதங்கள் பாயை விட்டு எழமாட்டான். இருமுனை மனநோய் என்றார் மருத்துவர். அவனுடைய சித்தப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். இரண்டு வருடங்களுக்கு முன் இன்னாசியும் அதற்கு முயன்று, பிழைத்து வந்தவன்.

இம்முறை சோர்வு முற்றி இருபது நாள் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பிய பத்தாம் நாள் காலையில் தானாக எழுந்தான். சவரம் செய்துகொண்டான். இடியாப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மனைவி ரெஜினாவிடம் சிரித்துப் பேசினான். பார்க்க வந்திருந்த அக்கா பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி தேறிட்டான். இனி யாரும் அவன்ட்ட பழசக் கேக்காதீங்க. கேட்டாத்தான் அந்த நெனப்பே வரும்" என்றாள்.

ரெஜினா தலையாட்டினாள். ஆனால் அலமாரியில் மாத்திரை அட்டை ஒரு வாரமாகப் பிரிக்கப்படாமல் கிடந்ததை அன்றுதான் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் இன்னாசி பட்டறைக்குக் கிளம்பிவிட்டான்.

அங்கே, எவரையும் தொடவிடாத தன் ஸ்பேனர் செட்டைக் கூட்டாளி சூசையின் கையில் கொடுத்தான்.

"நீயே வச்சுக்க மக்கா."

"ஏம்ல? என்ன விஷயம்?"

"யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு ஒம் மவ மேல சத்தியம் பண்ணு. சொல்லுதேன்."

சூசை யோசிக்காமல் சத்தியம் செய்தான்.

"போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அதான் மனசு லேசாயிருக்கு."

சூசைக்கு மகள் முகம் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் இன்னாசியின் கையை விடாமல் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, அவனை வைத்துக்கொண்டே ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"துரோகி!" என்று கத்தினான் இன்னாசி.

"நீ ஒண்ணும் கேக்காத ரெஜினா" என்று பிலோமினா அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மைனி." ரெஜினா கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஏங்க, சாகணும்னு தோணுதா?"

இன்னாசி ஆமென்று தலையசைத்தான். பிறகு உடைந்து அழுதான். சூசையும் ரெஜினாவும் அவனை நடுவில் உட்காரவைத்து, ஓர் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பழசைக் கேட்காதே என்ற பிலோமினா, நேருக்கு நேர் கேட்ட ரெஜினா, மகள்மேல் செய்த சத்தியத்தை மீறிய சூசை. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சூசையும் ரெஜினாவும் செய்ததே சரி. உயிரை விலையாகக் கேட்கும் சத்தியம் யாரையும் கட்டாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. உள்ளே தனியாகக் கிடந்தது வெளியே வரத்தான் வழி கிடைக்கிறது. பிலோமினாவிடம் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்கள் மிகவும் ஆபத்தானவை என்பதும், திடீரென்று வந்த அந்தத் தெளிவைக் கண்டு பயந்திருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. "ரெஜினா கேட்டப்பதான் எனக்கு மூச்சு வந்திச்சு" என்று இன்னாசி பின்னாளில் மருத்துவரிடம் சொன்னான். சூசையோடு மட்டும் அவன் இன்னும் பேசுவதில்லை. சூசைக்கு அதில் வருத்தமில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறானே, அது போதும் என்கிறான்.