வெள்ளெலி ஒளித்த நெல்

மலையடிவாரக் காடு ஒன்றில், ஏரிக்கரை ஓரமாக ஒரு வெள்ளெலிக் குடும்பம் வசித்தது. ஆண் எலி செங்கோடன். பெண் எலி பூவாத்தாள். அவர்களுக்கு நாலைந்து குட்டிகள்.

ஏரியைச் சுற்றிக் காட்டு நெல் தானாக விளையும். கதிர் முற்றும் காலத்தில் மற்றப் பிராணிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும். செங்கோடன் படுக்கமாட்டான். கதிரைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு ஓடுவான். மண்ணைத் தோண்டுவான், கொட்டுவான், மூடுவான். மழைக்காலத்தில் காடே பசியில் கிடக்கும்போது அவன் வீட்டில் மட்டும் இரண்டு வேளையும் சாப்பாடு உண்டு.

அவன் சேமிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே சேமிக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் காட்டில் அதைவிட ருசியான பேச்சு வேறு இல்லை.

"பாறைக்கு அடியிலதான்!" என்றது முயல்.

"போடா, ஆலமர வேருக்குள்ள!" என்றது முள்ளம்பன்றி.

வம்பு கேட்பதற்கென்றே பிறந்த மைனா, செங்கோடன் போகும் இடமெல்லாம் தலைக்கு மேலே பறந்து பார்த்தது. பயனில்லை. வடக்கே போக வேண்டுமானால் அவன் தெற்கே கிளம்புவான். நெல் வைக்காத இடத்திலும் வெறும் குழிகளைத் தோண்டி மூடி வைப்பான். நெல் உள்ள குழியின் மேல் நொச்சி இலையைக் கசக்கித் தேய்ப்பான். நெல்லின் வாசனை வெளியே வராது.

பூவாத்தாளுக்கும் அந்த இடங்கள் தெரியாது.

"ஏங்க, எங்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்," என்று அவள் கேட்பாள்.

"உனக்கு எதுக்கு? கேக்கிறப்ப எடுத்துட்டு வந்து தர்றேனில்ல?"

"நீங்க இல்லாதப்ப வேணும்னா?"

"நான் எங்கே போகப் போறேன்!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"அந்தப் பேச்சுதான் ஆபத்து! உங்கிட்ட சொன்னா நீ மைனாகிட்ட சொல்லுவே. மைனாவுக்குத் தெரிஞ்சா அக்கரையில நிக்கிற கொக்குக்குக்கூடத் தெரிஞ்சிடும்!"

"நான் எப்பங்க மைனாகிட்ட வம்பு பேசினேன்?"

அவள் பேசியதில்லை என்பது செங்கோடனுக்கும் தெரியும். அதை ஒப்புக்கொண்டால் இடத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே!

ஒருநாள் அவள் ஆர்வம் தாங்காமல் பின்னாலேயே பதுங்கிப் போனாள். செங்கோடன் கவனித்துவிட்டான். ஏரியை முழுக்கச் சுற்றி நடந்து, வெறும் கையோடு வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தான்.

"நடக்கிறது உடம்புக்கு நல்லது, பூவாத்தா!" என்று சிரித்தான்.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் கொட்டியது. நெல் எடுத்துவரக் கிளம்பிய செங்கோடன் கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது மண் சரிந்தது. வெள்ளம் அவனை உருட்டிக்கொண்டு போய், ஏரிக்கு நடுவே நின்ற ஒரு கருவேல மரத்தில் ஒதுக்கியது. அவன் கிளையில் தொற்றிக்கொண்டான். சுற்றிலும் சுழல். நீந்தினால் உயிர் தங்காது.

பூவாத்தாள் கரையில் நின்று பார்த்தாள். தூரத்தில் கிளையில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. உயிரோடு இருக்கிறான். அவன் கத்தினான், அவளும் கத்தினாள். இருவர் குரலையும் மழை விழுங்கிவிட்டது.

ஆரம்பத்தில் அவள் எப்படியோ குட்டிகளுக்கு ஊட்டிச் சமாளித்தாள். பிறகு ஒன்றுமில்லை.

அவள் தேடத் தொடங்கினாள். புதிதாய் மூடிய மண்ணைக் கண்டு தோண்டினாள். வெறும் குழி! இன்னொன்றைத் தோண்டினாள். அதுவும் வெறும் குழி! மோப்பம் பிடித்துப் பார்த்தாள். கரை முழுக்க நொச்சிச் செடிகள். எங்கே முகர்ந்தாலும் ஒரே வாடை. திருடனுக்காகச் செங்கோடன் செய்த தந்திரம் ஒவ்வொன்றும் அவன் மனைவியிடம் நன்றாகவே பலித்தது.

"அம்மா, அப்பா நெல்லு எங்கே வெச்சிருக்காரு?"

"அதைத்தான் நானும் தேடறேன்டி."

மறுநாள் கடைக்குட்டி எழுந்து நிற்கவில்லை.

நனைந்து நடுங்கிய மைனா அன்று கருவேல மரத்தில் வந்து உட்கார்ந்தது.

"செங்கோடண்ணே! இங்கேயா இருக்கீங்க?"

"என் குட்டிங்க எப்படி இருக்கு?"

"சுருண்டு கிடக்குதுங்க. சின்னது கண்ணே திறக்கல. அக்கா காட்டையே தோண்டிட்டுத் திரியுது."

செங்கோடன் கிளையை இறுகப் பிடித்தான். சொல்ல வேறு ஆள் இல்லை. எந்தக் காதுக்குப் பயந்தானோ, அந்தக் காதுதான் எதிரே இருந்தது.

"மைனா, நான் ஒண்ணு சொல்றேன். பூவாத்தாகிட்ட மட்டும்தான் சொல்லணும்."

மைனாவின் கண்கள் விரிந்தன. "நெல்லு விஷயமா? எங்கேண்ணே? எங்கே?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

"என் இறக்கை மேல சத்தியம்!"

"ஆனை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்கில்ல? அதுக்கும் புத்துக்கும் நடுவுல ஒண்ணு. புங்க மரத்துக்கு மேற்கால ஒண்ணு. நெட்டைப் பனை அடியில ஒண்ணு. அப்புறம்... அப்புறம் இன்னொண்ணு..." செங்கோடன் நெற்றியைச் சுருக்கினான். "அது எங்கேன்னு எனக்கே மறந்து போச்சு! நீ கிளம்பு!"

மைனா நல்லெண்ணத்தோடுதான் பறந்தது. ஆனால் ஆனை படுத்த மாதிரிப் பாறை எது என்பது அதற்குச் சந்தேகம். கீழே முயல் தெரிந்தது.

"முயலண்ணே, ஆனை மாதிரிப் பாறை எங்கே இருக்கு?"

"எதுக்குக் கேக்கிறே?"

"அது ரகசியம். செங்கோடண்ணன் நெல்லைப் பத்தி வெளியே சொல்லக் கூடாது! புங்க மரமும் நெட்டைப் பனையும் எனக்கே தெரியும், இந்தப் பாறைதான் தெரியல!"

முயலுக்கும் பாறை தெரியவில்லை. அது முள்ளம்பன்றியைக் கேட்டது. முள்ளம்பன்றி காட்டுப்பன்றியைக் கேட்டது. எல்லோரும் உதவி செய்யத்தான் நினைத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் பசி.

மைனா பூவாத்தாளைக் கண்டுபிடித்து அழைத்து வருவதற்குள் பாறையடிக் குழி திறந்து கிடந்தது. புங்க மரத்தடியில் காட்டுப்பன்றி மூக்குவரை மண்ணோடு நின்று மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ, அது எங்க நெல்லு!" என்று அலறினாள் பூவாத்தாள்.

"யாருதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கேக்க ஆளில்லாம மண்ணுக்குள்ள கிடந்துச்சு!" என்றது காட்டுப்பன்றி.

அவள் நின்று வாதாடவில்லை. பனையடிக்கு ஓடினாள். முள்ளம்பன்றி அப்போதுதான் அங்கே நகத்தை வைத்திருந்தது. அவள் அந்தக் குழியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இது எம் பிள்ளைங்க சோறு! என்னைத் தூக்கி எறிஞ்சிட்டு எடு பார்க்கலாம்!"

முள்ளம்பன்றி அவளைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் பார்த்தபடி மெல்ல நகர்ந்தது.

அந்த ஒரு குழி நெல் குட்டிகளைக் காப்பாற்றியது. கடைக்குட்டி கண்ணைத் திறந்தது, எழுந்தது, ஓடவும் தொடங்கியது.

வெள்ளம் வடிந்தது. எலும்பும் தோலுமாகச் செங்கோடன் வீடு வந்து சேர்ந்தான். வரும் வழியில் திறந்து கிடந்த குழிகளைப் பார்த்திருந்தான்.

"அந்த மைனாவைப் போய் நம்பினேன் பாரு!" என்று குமுறினான்.

"அது என்ன பண்ணும்? வழி தெரியாம வழி கேட்டுச்சு," என்றாள் பூவாத்தாள். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா காட்டுக்கே பந்தி வெச்சிருக்க வேண்டாம்."

செங்கோடன் மீசையை நீவிக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அது சரி, மைனா வர்ற வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?"

"என் சிறுவாடு கொஞ்சம் இருந்துச்சுங்க. சிந்தினது சிதறினதுன்னு சேர்த்து வெச்சது."

"சிறுவாடா! எனக்குத் தெரியாமலா? எங்கே வெச்சிருந்தே?"

கடைக்குட்டி கலகலவென்று சிரித்தது.

"நீ படுத்துத் தூங்கற புல்லுக்குக் கீழேதாம்ப்பா! எங்க எல்லாருக்கும் தெரியுமே!"

வங்கியில் போட்டாலும் சரி, வளையில் போட்டாலும் சரி, யாருக்காகச் சேமிக்கிறோமோ அவர்களுக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.