வரையாட்டு மந்திரியின் வீட்டுத் திட்டம்

அல்லிக் குளத்தின் கரையில் ஓர் ஆமையும், நண்டுகளும், முயல்களும், ஒரு முள்ளம்பன்றியும் குடியிருந்தன. குளமோ வண்டல் மண்டித் தூர்ந்து கிடந்தது. கரையும் தாழ்வான கரை. போன ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்து, பொந்து, வளை எல்லாம் வெள்ளத்தில் போயின. ஆமை மண்ணில் புதைத்து வைத்திருந்த முட்டைகளும் அழுகிப்போயின.

அதற்குப் பிறகு ஆமை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது மறுபடியும் அதன் வயிற்றில் முட்டைகள் இருந்தன. இந்தத் தடவையாவது ஒரு குஞ்சின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வேறு ஆசையே இல்லை.

அந்தக் காட்டின் ராஜா சிங்கம். இரக்க குணம் உள்ளவர்தான். யோசிக்கிற வேலையை மட்டும் மந்திரியிடம் விட்டுவிடுவார்.

"என் காட்டில் வீடில்லாதவர் யாரும் இருக்கக் கூடாது! எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடு!" என்று மந்திரிக்கு உத்தரவு போட்டார்.

மந்திரி ஒரு வரையாடு. லஞ்சம் தெரியாது, பொய் தெரியாது. மலை உச்சியைத் தவிர வேறெதுவுமே தெரியாது, அதுதான் வம்பு! செங்குத்துப் பாறையில் பிறந்து, பாறையில் தாவி வளர்ந்தவர். நல்ல வீடு என்றாலே அவருக்குக் கற்குகைதான்.

மந்திரி கரைவாசிகளைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "மொட்டைப் பாறை உச்சியில் எல்லாருக்கும் குகை தயார்! மழை புகாது! புயல் அசைக்காது! நல்ல காற்று பிய்த்துக்கொண்டு வரும்!"

"குடிக்கத் தண்ணி, ஐயா?" என்று ஒரு நண்டு கேட்டது.

"அதுதான் கீழே குளம் இருக்கிறதே! நாலு தாவு தாவினால் வந்துவிடலாம்!"

நண்டு தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டது.

"ஐயா, முள்ளம்பன்றி எங்க வரிசையில வேணாம்! எங்க குட்டிகளைக் குத்திப்புடும்!" என்றன முயல்கள்.

"அதற்கென்ன? பாறைக்குப் பின்பக்கம் அதற்குத் தனியாக ஒரு குகை!" என்றார் மந்திரி.

முள்ளம்பன்றி முள்ளை அடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது.

ஆமை மெல்ல முன்னால் வந்தது. மந்திரி அதைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு எதற்கு வீடு? முதுகிலேயே சுமந்துகொண்டு திரிகிறாயே! சொந்த வீடு இருப்பவருக்குத் திட்டத்தில் இடம் கிடையாது!"

கூட்டமும் சிரித்தது.

"எனக்கு வீடு வேணாம் ஐயா. முட்டையிட ஈரமண்ணு கொஞ்சம் போதும். வெள்ளம் ஏறாத எடமா இருக்கணும், அவ்வளவுதான்."

"பாறையில் ஏது மண்? கரையிலும் இனி மண் இருக்காது. கல் பதித்து, ராஜா உலாவ நடைபாதை போடப்போகிறோம்!"

ஆமை தன் காலடி மண்ணைப் பார்த்தது. கல் பதித்துவிட்டால் இந்த வருஷமும் முட்டைகள் வீண்தான்.

மறுநாள் காலையில் கரையை அளந்து பார்க்க மந்திரி வந்தார். குளத்தின் ஓரத்தில் வண்டல் வெயிலில் காய்ந்து, தரை போலவே பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அங்கே கால் வைக்காதீங்க ஐயா! மேலதான் காய்ஞ்சிருக்கு, உள்ளே சேறு!" என்று ஆமை கத்தியது.

"செங்குத்துப் பாறையில் ஓடுகிறவன் நான்! இந்தச் சமதரை எனக்கு எம்மாத்திரம்!" என்று மந்திரி ஒரே தாவாகத் தாவினார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும்? முழங்கால் வரை புதைந்தார். எகிறிப் பார்த்தார், வயிறு வரை போயிற்று. இன்னும் எகிறினார், கழுத்து மட்டும்தான் வெளியே!

"ஐயோ! செத்தேன்! இது என்ன இடம்! இதில் எப்படித்தான் குடியிருக்கிறீர்களோ!" என்று அலறினார்.

"நம்மள வெரட்ட வந்தவருதானே? கெடக்கட்டும்!" என்றது ஒரு முயல்.

ஒரு கணம் ஆமைக்கும் அந்த எண்ணம் வந்தது. இவர் போனால் நடைபாதையும் போகும், முட்டைக்கு மண் மிஞ்சும். உடனே அதற்கே தன்மேல் கோபம் வந்தது.

"சீச்சீ! இவரையும் ஒரு தாய்தான் பெத்திருப்பா. தோண்டுங்கப்பா!" என்று அதட்டிவிட்டுச் சேற்றின்மேல் ஊர்ந்து போனது. "உதறாதீங்க ஐயா. என் முதுகுமேல தலையைச் சாய்ச்சுக்கோங்க."

மந்திரி ஆமையின் ஓட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மற்றவை சேற்றைத் தோண்டித் தோண்டிக் கரையில் கொட்டின. முள்ளம்பன்றி மூன்று முயல்களின் வேலையைத் தனியாகவே செய்தது. பொழுது சாய்வதற்குள் மந்திரி வெளியே வந்து, அந்த மண்மேட்டின்மேல் பொத்தென்று விழுந்தார்.

"நீங்கள் சர்வசாதாரணமாக நடக்கிற இடத்தில் எனக்கு உயிரே போய்விட்டதே!" என்றார்.

"உங்களுக்கு இந்தச் சேறு எப்படியோ, எங்களுக்கு அந்தப் பாறை அப்படித்தான் ஐயா," என்றது ஆமை.

மந்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது அவருக்கு. பிறகு, முதல் தடவையாக, அந்தக் கேள்வியைக் கேட்டார்: "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?"

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இந்த மாதிரி!" என்றது நண்டு. "நாங்க தோண்டினதுல குளமும் ஆழமாச்சு, கரையும் மேடாச்சு, பார்த்தீங்களா? தூர் வாரின மண்ணுதான் ஐயா. யார்கிட்டயும் கேட்டு வாங்க வேண்டியதில்லை!"

மந்திரி நேரே ராஜாவிடம் போய், "அரசே, நான் எனக்குப் பிடித்த வீட்டைப் பிறருக்குக் கட்டிவிட்டேன்," என்று ஒப்புக்கொண்டார். ராஜா சிரித்துவிட்டு, நடைபாதை வேண்டாம் என்றார்.

காடே கூடித் தூர் வாரியது. கரை நெடுக மேடு எழும்பியது. மண் கரையாமல் இருக்க நாணலும் வெட்டிவேரும் நட்டார்கள். முயல்கள் தங்கள் பொந்துக்குப் பக்கத்திலேயே முள்ளம்பன்றிக்கு இடம் விட்டன.

"இங்கேயே இரு அண்ணே! ராத்திரி நரி வந்தா நீ இருக்கேன்னு தைரியமா இருக்கும். தூங்குறப்ப மட்டும் முள்ளை அடக்கிக்கோ!" என்றன.

ஆமை மேட்டின் உச்சியில் குழி பறித்து, முட்டைகளை இட்டு மூடியது.

ஐப்பசி வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. ஆமை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. தண்ணீர் ஏற ஏறக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஆனால் ஆழமான குளம் அத்தனை வெள்ளத்தையும் வாங்கிக்கொண்டது. மேட்டின் அடிவாரத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது.

மழை விட்ட ஒரு காலையில் மந்திரி நலம் விசாரிக்க வந்தார். மேட்டின் கீழேயே நின்று, "மேலே கால் வைக்கலாமா, அக்கா?" என்று கேட்டார்.

"வாங்க ஐயா! பார்த்து, மெதுவா வாங்க," என்றது ஆமை. "மண்ணு அசையுது. என் புள்ளைங்க வெளியே வருதுங்க!"

வீடு கட்டும் முன் அதில் வாழப்போகிறவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் நல்ல மனமும் தீங்கே செய்துவிடும்.