சித்திரையில் அடுப்பு மூட்டிய அரசவை

கடலுக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத உப்பங்கரை நாட்டை முன்னொரு காலத்தில் திடவிக்ரமன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டால் அன்றைக்கே அது வேண்டும் அவனுக்கு.

ஒருமுறை கப்பலேறிப் பனிநாட்டுக்கு விருந்துக்குப் போனான். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ராஜா என்றும் பாராமல் அவனை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார்கள். அசந்துபோய்விட்டான். திரும்பும்போது அவர்களுடைய பாடப்புத்தகங்களைக் கப்பலில் ஏற்றிவந்து, "இனி நம் பள்ளிகளிலும் இதுதான்!" என்றான்.

தமிழாக்கும் வேலை அவைப்பண்டிதர் பரமானந்தருக்குக் கிடைத்தது. எதற்கெடுத்தாலும் ராஜா அமைச்சர் அழகியநம்பியையே கேட்கிறாரே என்று நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்த மனிதர் அவர். "ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன், அரசே!" என்று மார்தட்டினார். சொன்னபடியே செய்தார். பனிநாட்டில் ஆண்டின் முதல் மாதம் கொடுங்குளிர். நமக்கு முதல் மாதம் சித்திரை. ஆகவே மனிதர் கூசாமல் எழுதினார்: "சித்திரையில் பனி கொட்டும். கதவடைத்து, அடுப்பு மூட்டி, கம்பளி போர்த்திக்கொள்க."

அமைச்சர் எல்லைப்புறத்துக்குப் போயிருந்த நேரத்தில் பரீட்சையும் நடந்தது. தேறாத முந்நூற்று நாற்பது பிள்ளைகளைப் படிப்பு ஏறாதவர்கள் என்று ஒதுக்கி, மூன்று வருஷம் அரண்மனை உப்பளத்தில் வேலை செய்ய ஓலை எழுதினார் பண்டிதர். ராஜா படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினான்.

அழகியநம்பி ஊர் திரும்பிய வழி உப்பளத்தை ஒட்டித்தான் போனது. உச்சிவெயிலில் பத்து வயசுப் பெண் ஒருத்தி, தன்னைவிட உயரமான பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் வெடித்து ரத்தம் கசிந்தது. அவர் குதிரையைவிட்டு இறங்கினார்.

"உன் பேர் என்னம்மா? பள்ளிக்கூடம் போகலையா?"

"மாரித்தங்கம், ஐயா. எனக்குப் படிப்பு வராதாம்."

"யார் சொன்னது?"

"பரீட்சையில சைபர் போட்டுட்டாங்க. சித்திரையில வீட்டுல என்ன செய்வேன்னு கேட்டிருந்தது. ஓலைப்பந்தல் போடுவோம், மோர் குடிப்போம்னு எழுதினேன். பனி கொட்டும், கதவடைக்கணும்னு எழுதணுமாம். பனின்னா காலையில புல்லுல இருக்கிறதுதானே ஐயா? அதுக்கு எதுக்குக் கதவடைக்கணும்?"

அமைச்சர் தம் மேல்துண்டால் அவள் காலைக் கட்டிவிட்டார். இருபது வருஷ அமைச்சர் வேலையில் கோபத்தை விழுங்கிப் பழகியவர்தான். இந்தக் கோபம் உள்ளே இறங்க மறுத்தது. கத்தினால், அமைச்சருக்குப் பொறாமை என்று சொல்லிப் பண்டிதர் தப்பிவிடுவார் என்பதும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அவைக்குப் போனார்.

"அரசே, புத்தகம் அருமை! பிள்ளைகள் மட்டும் படித்தால் போதுமா? சித்திரை பிறந்துவிட்டது. நாளை அவை புத்தகத்தின்படியே கூடட்டும். நாடே பார்த்துக் கற்றுக்கொள்ளும்."

"பலே!" என்றான் ராஜா.

பண்டிதருக்கு உள்ளூர உதறல். ஆனால் வேண்டாம் என்றால் புத்தகம் தப்பென்று ஆகிவிடுமே! "தாராளமாக" என்றார்.

"மீறினால்?" என்று கேட்டார் அமைச்சர்.

"யாராயிருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனைதான்!" என்று வீம்பாகச் சொல்லிவிட்டார் பண்டிதர். ராஜாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

மறுநாள் நடுப்பகலில் கதவுகளைச் சாத்தினார்கள். நான்கு மூலையிலும் அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. ராஜா முதல் காவலன்வரை எல்லார் மேலும் கம்பளி. பண்டிதர் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் குரல் கம்மியது. மூன்றாம் பக்கத்தில், "ஐயோ, தாங்கலையே!" என்று கம்பளியை வீசிவிட்டு, காவலனைத் தள்ளிக் கதவைத் திறந்து ஓடி, அரண்மனைக் குளத்தில் தொப்பென்று விழுந்தார்.

"கதவு அப்படியே திறந்திருக்கட்டும்! செத்துவிடுவேன் போலிருக்கிறது!" என்று ராஜாவும் கம்பளியை உதறினான்.

"சைபர்" என்றார் அமைச்சர்.

"என்ன?"

"பண்டிதருக்குச் சைபர். தங்களுக்கும் சைபர், அரசே. மூன்று வருஷம் உப்பளம்."

"அமைச்சரே! யாரிடம் பேசுகிறீர்?"

"படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தியவரிடம்!" அத்தனை நேரம் அடக்கியது வெடித்தது. "அரை நாழிகை தாங்க முடியவில்லை தங்களுக்கு. உண்மையை எழுதிய முந்நூற்று நாற்பது பிள்ளைகள் ஒரு மாதமாக வெயிலில் வேகிறார்கள். பொய்யை எழுதியவர் குளத்தில் குளிக்கிறார். யாருக்கு அரசே படிப்பு வரவில்லை?"

அமைச்சர் நீட்டிய பரீட்சை வினாத்தாளை ராஜா வாங்கி, முதன்முதலாகப் படித்தான். முகம் கறுத்தது.

"புத்தகங்களை எல்லாம் கொளுத்திவிடலாமா?" என்றான் மெல்ல.

"எதற்கு? அந்தப் பனிநாட்டுப் பிள்ளைகள் தங்களைக் கேள்வி கேட்டார்களே, அதுதான் அதில் உள்ள சரக்கு. கணக்கும் அளவையும் அருமை. அவை இருக்கட்டும். மாதமும் மழையும் பயிரும் நம்முடையதாக வேண்டும். அதை எழுத நம் ஊர் வாத்தியார்களை உட்காரவையுங்கள்."

"உப்பளத் தண்டனை இனி யாருக்கும் வேண்டாம். பண்டிதர் ஒரு வருஷம் அந்த வாத்தியார்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும்" என்றான் ராஜா. தன் கழுத்து மணிமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

"பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குத் திரும்பட்டும், வாங்கிக்கொள்கிறேன்."

அன்றே ஆள் போனது. மாரித்தங்கத்தோடு சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மீதி இருபத்தெட்டுப் பேரை, ஓலை வந்த அன்றே, அவமானம் தாங்காத பெற்றோர் ஊரைவிட்டு எங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். ராஜா திக்கெட்டும் தேடவைத்தான். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

அழகியநம்பி அதற்குப்பிறகும் பதினாறு வருஷம் அமைச்சராக இருந்தார். அந்த மாலையைக் கடைசிவரை அவர் கையால் தொடவில்லை.