தீமுரசின் ஒன்பதாவது கோல்

முன்னொரு காலத்தில், மழை தவறாமல் பெய்து ராஜாக்களுக்குக் கவலைப்பட வேறு காரியமே இல்லாத நாளில், நெருப்பென்றால் நடுங்கும் ஒரு மகாராஜா இருந்தார். பக்கத்து நாட்டு அரண்மனையில் தீப்பிடித்து அந்த ராஜா கட்டிய வேட்டியோடு தெருவுக்கு ஓடிவந்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து நம்முடைய மகாராஜாவுக்கு இந்தப் பயம் பிடித்துக்கொண்டது. உடனே அரண்மனையில் ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் எருமைத் தோல் போர்த்த பெரிய முரசு ஒன்றை வைத்தார். "புகை கண்டால் முரசை அடி. முரசு கேட்டால் குடத்துத் தண்ணீரோடு ஓடு." இதுதான் உத்தரவு. மீறினால் கசையடி.

கோபுரத்துக்கு இடம் குறித்தவர் ஆஸ்தான சோதிடர் அனந்தநாராயணர். நெருப்புக்கு உரியது அக்கினி மூலை, ஆகவே தீமுரசும் அரண்மனையின் தென்கிழக்கு மூலையில்தான் இருக்கவேண்டும் என்று சாத்திரம் சொன்னார். நல்லது. ஆனால் அதே சாத்திரப்படி மடைப்பள்ளியும் தென்கிழக்கு மூலையில்தானே இருக்கும்? அது ஒருவருக்கும் தோன்றவில்லை. மடைப்பள்ளியின் புகைபோக்கிக்கு நேர் மேலே காவல்காரன் பேச்சிமுத்து மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்புறம் கேட்கவேண்டுமா? கடுகு தாளித்தால் முரசு. வடை போட்டால் முரசு. மகாராணி கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டினால் முரசு. மார்கழி மூடுபனிக்கு விடிய விடிய முரசு. பேச்சிமுத்துவைக் குறை சொல்லிப் பயனில்லை. அடித்தால் திட்டு, அடிக்காவிட்டால் கசையடி, அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஊர் ஜனங்கள் முதலில் ஓடினார்கள், பிறகு நடந்தார்கள், பிறகு "சாம்பாரு கொதிக்குது போல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒருநாள் பஞ்சுக் கிடங்கில் நிஜமாகவே தீப்பொறி விழுந்தபோது ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. நல்லவேளை, மழை வந்து அணைத்தது.

இதற்கெல்லாம் கலங்காத மகாராஜா, ஒரு சனிக்கிழமை கலங்கினார். தலை முதல் கால் வரை எண்ணெய் பூசி, சீயக்காய் கரைத்து வைத்திருந்த நேரத்தில் முரசு முழங்க, மனிதர் கோவணத்தோடு ராஜசபைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். சபையில் கவிராயர்களின் மனைவிமார்கூடப் பட்டுச்சேலை உடுத்தி வந்திருந்தார்கள்.

மறுநாள் சபை கூடியதும் மகாராஜா கர்ஜித்தார். "இந்த முரசு இனி ஒரு தடவைகூடப் பொய் சொல்லக் கூடாது! வழி சொல்பவர் யார்?"

விகடகவி தாண்டவராயனுக்கு வாய் சும்மா இருக்குமா? "மகாராஜா, அடுப்புக்கு மேலே காவல் வைத்தால் அடுப்புத்தான் தெரியும். கோபுரத்தை இடம் மாற்றினால் போதும்" என்றான்.

சோதிடரின் முகம் மிளகாய் கடித்ததுபோல் ஆயிற்று. சபையைச் சிரிக்கவைத்தே தன்னைவிட நல்ல பெயர் வாங்கும் இவன்மேல் அவருக்கு வெகுநாளைய எரிச்சல். "சாத்திரத்தைத் தாண்டவராயர் திருத்துகிறார்! மகாராஜா, இவ்வளவு தெரிந்தவரிடமே பொறுப்பைக் கொடுக்கலாமே. முரசை அசைக்கக் கூடாது. காவலை எடுக்கக் கூடாது. புகை கண்டால் அடி என்ற உத்தரவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. ஆனால் பொய் முரசு கேட்கக் கூடாது. செய்யட்டும் பார்க்கலாம்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா, எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மறக்காதவராக. "தாண்டவராயரே, முரசு இனி ஒருமுறை பொய்யாக முழங்கினால், உமக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவேன்."

தாண்டவராயன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். மனைவி உலகம்மை நிறைமாத கர்ப்பிணி. அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக்கொண்டு போவான்? பிள்ளை எந்த மரத்தடியில் பிறக்கும்? வாசலிலேயே உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ கருகும் வாசனை வந்தது.

"உலகம்மா! தீயுது! தீயுது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

அறைக்குள் படுத்திருந்தவள் எழவில்லை. "அங்கேயே உக்காந்து ஏன் ஊரைக் கூட்டுறீங்க? நாலு எட்டு உள்ள வந்து அடுப்பைப் பாருங்களேன். பாலு பொங்கியிருக்கும்."

போய்ப் பார்த்தான். பால்தான் பொங்கியிருந்தது. அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அடுப்பைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தச்சன் வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் கோபுரத்தில் முரசு இருந்தது, பேச்சிமுத்து இருந்தான், முரசடிக்கும் கோல் மட்டும் இல்லை. அதற்குப் பதில் எட்டுக் கோல்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் குஞ்சம் கட்டி, மடைப்பள்ளி வாசலில் ஒன்று, யானைக் கொட்டிலில் ஒன்று, பஞ்சுக் கிடங்கில் ஒன்று, அந்தப்புரத்தில் ஒன்று என்று அரண்மனை முழுக்கத் தொங்கவிட்டிருந்தான் தாண்டவராயன்.

"இது என்ன கூத்து?" என்றார் மகாராஜா.

"உத்தரவில் ஓர் எழுத்தும் மாறவில்லை மகாராஜா. புகை கண்டால் அடிக்கவேண்டும். ஆனால் கோல் புகையிருக்கும் இடத்தில் அல்லவா தொங்குகிறது? எடுக்கப் போகிறவன் கண்ணால் பார்த்துவிடுவான், எரிவது வீடா, விறகா என்று. நிஜமாகவே தீயென்றால் அங்கே இருப்பவனே கோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவருவான். குஞ்சத்தின் நிறத்தைப் பார்த்தே எங்கே தீ என்று தெரியும். குடத்தைத் தூக்கிக்கொண்டு 'எங்கே, எங்கே' என்று அரண்மனையைச் சுற்றவேண்டாம். முரசைப் பற்றிச் சொன்னார்கள், காவலைப் பற்றிச் சொன்னார்கள். கோலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!"

பேச்சிமுத்து புகை தெரியும்போதெல்லாம் மடைப்பள்ளிக்கு இறங்கினான். பரிசாரகர் கொடுத்த வடையைத் தின்றுவிட்டு ஏறினான். அவன் உடம்பு பெருத்தது. முரசு வாயை மூடியது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

சோதிடருக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒருநாள் காலை, வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டு, தாண்டவராயன் தொலையவேண்டும் என்று சத்ரு சங்கார ஹோமம் தொடங்கினார். நெய் வார்த்து நெடுநேரம் ஆகியும் தாண்டவராயன் செத்தான் என்று சேதி வரவில்லை. தெய்வம் தாமதிக்கிறதே, தானே கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று எழுந்தார். கோபுரத்தில் கோல் இருக்காதே என்று, பூசையறையில் தொங்கிய தன் தண்டக் கோலை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போய்க் கோபுரத்தில் ஏறினார்.

சபை நிறைந்திருந்த வேளை. மடமடமடவென்று முரசு முழங்கியது. நெடுநாளாகக் கேட்காத சத்தம் என்பதால் ஊரே குடத்தோடு ஓடிவந்தது.

"எங்கே தீ?" என்றார் மகாராஜா.

பேச்சிமுத்து கையைப் பிசைந்தான். "எனக்குத் தெரியாதுங்க மகாராஜா. சோசியரு சாமிதான் ஏறி வந்து, தன் தண்டத்தாலேயே அடிச்சாங்க."

"மடைப்பள்ளியில் புகை கண்டேன், அடித்தேன். உத்தரவை மீறலாமா?" என்றார் சோதிடர் பணிவாக.

மடைப்பள்ளியில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. "பொய் முரசு!" என்று மகாராஜா முகம் சிவந்தார். "கொண்டுவாருங்கள் கழுதையை!"

தாண்டவராயனுக்கு உலகம்மையின் முகம் கண்முன் வந்தது. சோதிடரின் கையிலிருந்த தண்டத்தைப் பார்த்தான். வாய் முந்திக்கொண்டது.

"பொறுக்கவேண்டும் மகாராஜா. கோல் எங்கே தொங்குகிறதோ அங்கே தீ. இதுதானே ஏற்பாடு? எட்டுக் கோலும் இடத்தில் இருக்கின்றன. இது ஒன்பதாவது கோல். ஸ்வாமி, இது எங்கே தொங்குவது?"

"என் பூசையறையில்" என்றார் சோதிடர்.

"அப்படியானால் தீ சோதிடர் வீட்டில். அங்கே போய்ப் பார்க்காமல் முரசு பொய் சொன்னது என்று எப்படிச் சொல்வது? முரசு கேட்டால் குடத்தோடு ஓடவேண்டும் என்பது மகாராஜாவின் உத்தரவாயிற்றே!"

சபை சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் சோதிடர்தான். ஆனால் தன் உத்தரவைத் தானே மீற மகாராஜாவுக்கு மனமில்லை. "நடங்கள்!" என்றார். ஊர்வலம் புறப்பட்டது. தாண்டவராயன் கடைசியில் நடந்தான். அவனுக்குத் தெரியும், இது வெறும் சாக்கு. சோதிடர் வீடு போய்த் திரும்பும் நேரம்தான் கிடைத்திருக்கிறது, அதற்குள் வேறு ஏதாவது தோன்றவேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

தெரு முனை திரும்பியதும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். சோதிடர் வீட்டுக் கூரைக்கு மேலே கரும்புகை சுருண்டுகொண்டிருந்தது.

"ஐயையோ! என் ஹோமம்!" என்று அலறினார் சோதிடர்.

கவனிக்க ஆளில்லாத ஹோமத் தீ நெய்யைக் குடித்துப் பந்தலில் ஏறியிருந்தது. இன்னும் ஒரு சாண்தான், கூரை பிடித்திருக்கும். ஊரே கையில் குடத்தோடு நின்றதால் யாரும் கிணற்றைத் தேடவில்லை. மளமளவென்று ஊற்றினார்கள். தாண்டவராயன் பின்கட்டுக்குள் புகுந்து, கட்டியிருந்த கன்றை அவிழ்த்து இழுத்துக்கொண்டு வந்தான். கோயிலுக்குப் போயிருந்த சோதிடரின் மனைவி ஓடிவந்து பார்த்தபோது பந்தல் சாம்பலாகியிருந்தது, வீடு முழுசாக நின்றது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவர் கேடு நினைத்தும் கெடாமல் தப்பியது அவருடைய எதிரியின் புண்ணியம்.

சோதிடர் தொப்பலாக நனைந்து தாண்டவராயன் கையைப் பிடித்துக்கொண்டார். தாண்டவராயன் மறுகையால் கன்றின் கயிற்றை அவரிடம் நீட்டினான்.

மகாராஜா வியப்போடு கேட்டார். "தாண்டவராயரே, உண்மையைச் சொல்லும். சபையில் நின்றுகொண்டே, சோதிடர் வீட்டில் தீ என்று உமக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்கு எப்படி மகாராஜா தெரியும்?" என்றான் தாண்டவராயன். "சோதிடருக்கே தெரியவில்லையே!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. சோதிடர்கூடத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். மகாராஜா தன் தோளிலிருந்த சரிகைப் பட்டாடையை எடுத்துத் தாண்டவராயனுக்குப் போர்த்தி, ஆற்றங்கரையில் நல்ல நஞ்சை நிலம் ஒன்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"இருந்தாலும் உமக்கு ஒரு தண்டனை உண்டு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆயுசு முழுக்க நீர் இந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது."

"உத்தரவு மகாராஜா!" என்று விழுந்து கும்பிட்டான் தாண்டவராயன். அந்தத் தண்டனையை உலகம்மையிடம் சொல்ல அவன் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தைத்தான் அந்த நாட்டில் ரொம்ப காலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.